பெரியவருக்கு ஒரு வீடு

1

இது விளம்பரமாக இருந்திருக்க வேண்டியது, கதையாகிவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை ஒரு நாய்கள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு நாள் மத்தியானம் போன் செய்து, "அக்கா, எனக்கு நாலு வரி எழுதிக் குடு" என்றாள். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்கவில்லை.

அந்த வாக்கியம் எனக்குப் புதிதல்ல. சிறுமிகளாக இருந்தபோது நாங்கள் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் குடியிருந்தோம். இரண்டே அறை. பஞ்சர் ஒட்டும் பசையின் வாசனை படியேறி வந்து எங்கள் துணி, புத்தகம், தலையணை எல்லாவற்றிலும் குடியேறியிருக்கும். இருவருக்கும் சேர்த்து ஒரே மேசை. எதிரே உட்கார்ந்து பென்சிலைக் கடித்தபடி, "அக்கா, நாலு வரி எழுதிக் குடு" என்பாள். அவளுடைய பள்ளிக்கூடக் கட்டுரைகள் எல்லாம் என் கைவேலை. பதிலுக்கு, நான் பயப்படுகிற எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் போய் நிற்பாள்: பல்லி, ஊசி, வீட்டுக்காரர்.

(டயர் வந்த அட்டைப்பெட்டியில், கடைக்காரருக்குத் தெரியாமல் அவள் நாய்க்குட்டி வளர்த்தது தனிக் கதை. அதற்குள் போனால் வெளியே வர மாட்டேன்.)

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"பெரியவருக்கு. யாருமே கேக்க மாட்டேங்கறாங்க அக்கா. வர்றவங்க எல்லாம் குட்டியைப் பாத்ததும் குட்டியோட போயிடறாங்க. நீதான் கதை எழுதறியே. மனசு இளகற மாதிரி ஏதாவது போடு."

2

முதல் தொடக்கம்:

"அமைதியான, பழுப்பு நிற, வயதான நாய் ஒன்று வீடு தேடுகிறது. அதற்கு இதயம் பெரியது."

தங்கை போனில் கேட்டுவிட்டு, "இதயம் பெரிசுன்னா நல்ல மனசுன்னு நினைச்சுப்பாங்க. வீக்கம்னு தெளிவா போடு" என்றாள்.

இரண்டாவது தொடக்கம்:

"வயது பன்னிரண்டு இருக்கலாம். இதய வீக்கம். இருமல். இடது கண்ணில் புரை. பின்னங்கால்களில் மூட்டுவலி. இரண்டு வேளையும் மாத்திரை. மாத்திரையால் அடிக்கடி சிறுநீர்—"

"போதும் அக்கா. இதைப் படிச்சா நானே எடுத்துக்க மாட்டேன்."

மூன்றாவது தொடக்கம்:

"நான் ஒரு கிழ நாய். என் கதையைக் கொஞ்சம்—"

இதை அவளுக்குப் படித்துக் காட்டவே இல்லை. நாய் பேசுகிற கதைகள்மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த நாய் பேசுகிற வகை அல்ல. அதற்குப் பக்கத்துக் கூண்டுக்காரர்கள் காலையிலிருந்து குரைத்துத் தள்ளுவார்கள். இவர் ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்ப்பார், பிறகு கீழே வைத்துக்கொள்வார். கல்யாண வீட்டில் மைக்செட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி கிடைத்த உறவினரைப் போல.

(கவனித்தீர்களா, "அது" என்று தொடங்கி "இவர்" என்று முடித்திருக்கிறேன். திருத்தப் பார்த்தேன், வரவில்லை. காப்பகத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்காதான் இந்தப் பெயரை வைத்தார். வீடு மாறிப் போன ஒரு குடும்பம் கொண்டுவந்து விட்டபோது பழைய பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போனது. அந்தப் பெயருக்கு நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பெரியவரே, கொஞ்சம் நகருங்க, தண்ணி ஊத்தணும்" என்று இந்த அக்கா சொன்னதும் எழுந்து நகர்ந்துவிட்டது. அன்றிலிருந்து காப்பகம் முழுக்க "பெரியவர் சாப்பிட்டாரா", "பெரியவருக்கு மாத்திரை குடுத்தாச்சா" என்றுதான் பேச்சு.)

விளையாட்டை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொல்கிறேன். அங்கே வந்து பார்க்கும் மருத்துவர், ஒரு பெண்மணி, தங்கையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இது: "இந்தச் சத்தமும் பரபரப்பும் இதோட இதயத்துக்கு ஆகாது. அமைதியா ஒரு வீடு கிடைச்சா ஒண்ணரை வருஷம் வரைக்கும் பாக்கலாம். இங்கேயே இருந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

என்னுடைய நாலு வரியின்மேல் எவ்வளவு பாரம் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

3

நாலு வரியும் எழுதி முடியவில்லை, விளம்பரமும் வரவில்லை. ஆனால் ஒருவர் வந்தார்.

நான் எழுதி வைத்திருந்த வருகை இப்படி இருந்தது: "ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், இறந்துபோன தன் மனைவியின் பழைய போர்வைகளைத் தானமாகக் கொண்டுவந்தார். கூண்டுக்குள் ஒன்றை விரித்ததும் நாய் எழுந்து வந்து முகர்ந்து, அதன்மேல் படுத்து, அவர் கண்களை—"

இல்லை. டிரைவர் உண்மை, போர்வைகள் உண்மை. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன், நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் இரண்டு பெரிய பைகளோடு வந்தார். உயரமானவர், கொஞ்சம் முன்னால் வளைந்தவர். காப்பகத்தில் பழைய துணி வாங்கிக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னதாகச் சொன்னார். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். மகள் வீட்டுக்குப் போகப்போவதாக ஏற்பாடு. பைகளைத் தங்கை வாங்கிக்கொண்டதும் கிளம்பியிருக்கலாம். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு டம்ளரைக் கையில் வைத்தபடியே கூண்டு வரிசையில் நடந்தார். குட்டிகள் கம்பியில் ஏறி விழுந்தன. அவர் கடைசிக் கூண்டுக்கு முன்னால் நின்றார்.

பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் ஓரமாகப் பல் தெரிய, இருமலுக்கும் குறட்டைக்கும் நடுவில் ஒரு சத்தத்தோடு.

"எழுப்பட்டுமா?" என்றாள் தங்கை.

"வேண்டாம்மா. தூங்கட்டும்."

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நானும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரொம்ப நேரம் கழித்து அவராகவே பேசினார்.

"ரொம்ப வருஷம் காலையில முதல் வண்டி எனக்குத்தான். டிப்போவுல ராத்திரி வண்டிக்கு அடியில நாயெல்லாம் வந்து படுத்திருக்கும். என்ஜின் சூடு இருக்குமில்ல. நான் போய்த் தகரத்துல நாலு தட்டு தட்டுவேன். ஒவ்வொண்ணா எழுந்து, சோம்பல் முறிச்சு, என்னை ஒரு பார்வை பாத்துட்டு வெளிய வரும். எல்லாம் வந்தப்புறம்தான் வண்டியை எடுப்பேன். நல்லாத் தூங்கற நாயை எழுப்பி எழுப்பியே காலம் போச்சு. ஒண்ணு தூங்கறதைச் சும்மா உக்காந்து பாத்ததில்ல."

அன்றைக்கு அவர் நாயைத் தொடக்கூட இல்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். மூன்றாவது நாள் பெரியவர் விழித்திருந்தார். அவரைப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து, கம்பியை ஒட்டி, முதுகை இந்தப் பக்கம் காட்டிப் படுத்துக்கொண்டார். தங்கை சொன்னாள், நாய் முதுகைக் காட்டினால் நம்பிவிட்டது என்று அர்த்தமாம். டிரைவர் கம்பி வழியாக இரண்டு விரலை விட்டு முதுகைச் சொறிந்தார்.

"இவரை நான் கூட்டிட்டுப் போகலாமா?" என்றார்.

காப்பகத்தில் ஒரு விதி உண்டு. எழுபதைத் தாண்டியவர் நாயைத் தத்தெடுத்தால் கூடவே இன்னொருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும்.

"மகளைக் கூட்டிட்டு வர்றேன்" என்றார். சொன்ன விதத்திலேயே அது லேசான காரியம் இல்லை என்று தெரிந்தது.

4

இங்கே எனக்கு ஒரு தடங்கல். மகளை எப்படி எழுதுவது?

அவளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட்டிருந்தேன்: "மகள் கூண்டிலிருந்து தள்ளியே நின்றாள். மூக்கைச் சுளித்தாள். அவள் குரலில் இரக்கம் என்பது மருந்துக்கும்—"

அதோடு நிறுத்திவிட்டேன். கதையில் ஒரு முட்டுக்கட்டை தேவைப்பட்டது, அதற்கு ஒரு பெண்ணைப் பிடித்து நிறுத்தியிருந்தேன், அவ்வளவுதான். நேரில் வந்தவள் வேறு ஆள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். சீருடையில், தலைமுடியில் ஹெட்போன் பட்டை அழுத்திய தடத்தோடு. கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, "நல்ல நாய்" என்றாள். "ஆனா கையெழுத்துப் போட மாட்டேன் மேடம்."

தங்கை ஏன் என்று கேட்கும் முன்பே சொன்னாள்: "நான் ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூம்ல ஃபோன் எடுக்கறேன். தனியா இருக்கற வயசானவங்க, பாத்ரூம்ல வழுக்கினவங்க, நாய் காலுக்குள்ள வந்து தடுக்கினவங்க, எல்லாரும் என் காதுக்குள்ளதான் விழறாங்க. அப்பாவுக்கு எழுபத்திமூணு. அவருக்கே இதயத்துக்கு மாத்திரை."

"எனக்கும் அதுக்கும் ஒரே நீர் மாத்திரைதான் பாப்பா" என்றார் டிரைவர். "டாக்டரம்மாவைக் கேட்டேன். அளவுதான் வேற."

"அப்பா, சிரிக்கற விஷயம் இல்ல இது." தங்கையிடம் திரும்பினாள். "மேடம், பிரச்சனை நாய் இல்ல. என் ஃப்ளாட்ல நாய் வெச்சுக்க விட மாட்டாங்க. அடுத்த மாசம் இவர் என்கூட வந்துடறதா இருக்கு. நாய் வந்துட்டா வர மாட்டார். அதுக்குத்தான் இந்த நாய்."

எல்லோரும் டிரைவரைப் பார்த்தோம். கதையாக இருந்திருந்தால் இந்த இடத்தில் அவருக்கு ஒரு நல்ல மறுப்பு எழுதியிருப்பேன். அவர் சொன்னது: "ஆமா."

மகள் பக்கம் திரும்பி, "வீட்டை விட்டு வர மனசில்ல. சொன்னா நீ கஷ்டப்படுவேன்னு சொல்லலை" என்றார்.

"சொல்லலைன்னா எனக்கு எப்படித் தெரியும்? எதைத்தான் நீங்க சொல்லியிருக்கீங்க?"

அந்தக் கேள்வி நாயைப் பற்றியது இல்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. தங்கைக்கும் புரிந்திருக்க வேண்டும். பல்லிக்கு முன்னால் போய் நின்ற அதே தோரணையில் இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். "ஒரு வாரம் வீட்டுல வெச்சுப் பாக்கட்டும். அதுக்கு நான் பொறுப்பு. ஒத்துவரலைன்னா நானே வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்றாள்.

விதியில் அப்படி ஒன்றும் இல்லை. மகள் யோசித்துவிட்டு, "ஒரு வாரத்துல அவருக்கே அலுத்துடும்" என்று ஒப்புக்கொண்டாள்.

5

அலுக்கவில்லை. (ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அந்த நாட்களை விரித்து எழுதினால் பத்துப் பக்கம் வரும். இருவரும் ஒரே நேரத்தில் மாத்திரை விழுங்குவது, பெரியவர் கூடத்து நடுவில் சிறுநீர் கழித்துவிட்டு வேறு யாரோ செய்ததுபோல முகத்தை வைத்துக்கொள்வது, டிரைவர் துணியை எடுத்துக்கொண்டு, "பரவால்ல, எனக்கும் அவசரம்தான்" என்பது.)

நாலாம் நாள் மத்தியானம். சாப்பாட்டுத் தட்டை எடுக்கும் சத்தம் கேட்டு, பெரியவர் கூடத்திலிருந்து சமையலறைக்கு வழக்கத்தைவிட வேகமாக வந்திருக்கிறார். பாதி வழியில் இருமல் பிடித்துக்கொண்டது. முன்னங்கால்கள் விரிந்தன. பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். நாக்கு வெளியே தள்ளியிருந்தது.

மகள் வேலை நேரத்தில் கைபேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது டிரைவருக்குத் தெரியும். அவளிடம் பேச அவருக்குத் தெரிந்த ஒரே வழி, அவள் வேலை செய்கிற இடத்து ஆம்புலன்ஸ் எண்தான். அதைச் சுற்றினார். எடுத்தது மகளின் பக்கத்து இருக்கைத் தோழி. அவள் பிறகு சொன்னதைத்தான் அப்படியே தருகிறேன், நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"சொல்லுங்க, என்ன ஆச்சு?"

"பாப்பாகிட்ட குடுங்க. பெரியவர் மயங்கி விழுந்துட்டார்."

"பதட்டப்படாதீங்க ஐயா. மூச்சு இருக்கா?"

"இருக்கும்மா. வேக வேகமா வாங்கறார்."

"அவருக்கு என்ன வயசு?"

"பன்னெண்டு இருக்கும்னு டாக்டர் சொன்னாங்க."

"ஐயா, விழுந்தது பெரியவரா, சின்னப் பையனா?"

"பெரியவர்தாம்மா."

"சரி, அட்ரஸ் சொல்லுங்க."

அங்கே ஒரு பழக்கம். முகவரியைத் தப்பில்லாமல் குறித்துக்கொள்ள, கேட்பவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். தோழி சொன்னாள். பக்கத்து இருக்கையில் மகள், தான் பிறந்து வளர்ந்த வீட்டின் கதவு எண்ணையும் தெருவையும் கேட்டாள். அதன் பின்னாலேயே, "பெரியவர் ஒருத்தர் மயங்கி விழுந்துட்டாராம்" என்பதையும் கேட்டாள்.

ஹெட்போனைக் கழற்றி வைத்தது அவளுக்கு நினைவில்லை. ஸ்கூட்டரை எடுத்தது நினைவில்லை. வழியில் ஒரு சிக்னலில் நின்றது மட்டும் நினைவிருக்கிறது, முன்னால் ஒரு பஸ் நின்றதால்.

இங்கே தோழி, "அவருக்கு ஏற்கெனவே ஏதாவது பிரச்சனை இருக்கா ஐயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதய வீக்கம்மா. நீர் மாத்திரை சாப்பிடறார். இருங்க, கண்ணைத் திறக்கறார். எழுந்துட்டாரும்மா. வாலை ஆட்டறார்."

"எதை ஆட்டறார்?"

6

கதவு திறந்தே இருந்தது. டிரைவர் சமையலறைத் தரையில், குளிர்பதனப் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாயின் தலை அவர் தொடைமேல். அவளைக் கண்டதும் இருவருமே நிமிர்ந்தார்கள்.

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்கன்னு நினைச்சேன்."

"நான் இல்ல பாப்பா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

நகர்ந்து வந்து நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவள் சொன்னாள்: "இப்ப கூப்பிட்டீங்களே."

இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் தொடாமல் வைத்திருந்த பேச்சு அது. அவள் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று அப்பா அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. ஊருக்கெல்லாம் ஆம்புலன்ஸ் அனுப்புகிறவள், தன் வீட்டுக்கு அனுப்பவில்லை.

"வேண்டாம்னு அம்மாதான் சொன்னா" என்றார் டிரைவர். "வாயுவா இருக்கும், அவளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னா. நானும் சரின்னு கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். அதை நினைக்காத நாள் இல்ல. இது விழுந்ததும் நான் யோசிக்கவே இல்ல. கை தானா ஃபோனை எடுத்துச்சு."

"தெரியும்பா."

"கோவமா இருந்தியே."

"கோவம்தான். கோவத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியலை, அதான் என்கூட வந்து இருங்கன்னேன்."

அவள் கையை நீட்டி நாயின் மார்பில் வைத்தாள். "என்ன இப்படி ஓடுது?"

"அப்படித்தான் ஓடும். டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

(இந்தப் பகுதியை எனக்குச் சொன்னது மகள். சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் வேறு எங்கோ போய்விட்டாள். பள்ளி விடுமுறையில் அப்பா ஓட்டும் பஸ்ஸில் போவாளாம். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், என்ஜின் மூடியின்மேல் மடித்துப் போட்ட சாக்கில் உட்கார்ந்துகொள்வாள். மூடி கதகதவென்று இருக்கும். வண்டியின் அதிர்வில் பற்கள் மெல்ல நடுங்கும். கடைசி நிறுத்தம் வருவதற்குள் தூங்கிவிடுவாள். "அப்பா என்னைத் தூக்கிட்டுப் போவார். நான் பாதி முழிச்சிருப்பேன். ஆனா சொல்ல மாட்டேன்" என்றாள். இதற்கும் கதைக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று தெரியவில்லை. எடுத்துவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். இருக்கட்டும்.)

வார முடிவில் அவள் காப்பகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டாள். நிபந்தனையோடுதான். பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்க வேண்டும். தினமும் காலையில் எழுந்ததும் அவளுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். டிரைவருக்குத் தட்டச்சு வராது. குரலைப் பதிந்து அனுப்புகிறார். "ரெண்டு பேரும் எழுந்தாச்சு" என்று மட்டும். பின்னால் இருமல் கேட்கும். யாருடைய இருமல் என்று அவளுக்குப் பிரித்துத் தெரியுமாம்.

என் தங்கை அன்று கையெழுத்தைப் பார்த்து அழவில்லை. எல்லோரும் போன பிறகு, காலியான கடைசிக் கூண்டைக் கழுவும்போதுதான் அழுதாள்.

7

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டு வயது நாய், எழுபத்து மூன்று வயது மனிதர், இருவருக்கும் பழுதான இதயம். இதைப் படிக்கிற உங்களுக்கு அடுத்தது என்ன என்ற கேள்வி வராமல் இருக்காது. எனக்கும் வந்தது. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

நாய் முதலில் போகிறது. மருத்துவர் சொன்ன கணக்குப்படி. ஒரு காலையில் செய்தி வருகிறது, அதில் "ரெண்டு பேரும்" என்ற சொல் இல்லை. மகள் அதை—

அவர் முதலில் போகிறார். கையெழுத்துப் போட்டவள் என்பதால் நாய் அவள் பொறுப்பு. ஃப்ளாட்டில் அனுமதி இல்லை. ஆகவே அவள் அந்தப் பழைய வீட்டுக்கே குடிவருகிறாள், அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நாய்—

மூன்றாவது என் தங்கையுடையது. எழுதியதை அவளிடம் காட்டினேன். இரண்டையும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "டாக்டர் ஒண்ணரை வருஷம்னாங்க. நீ ரெண்டரைன்னு எழுது. உன் கையிலதானே இருக்கு" என்றாள்.

என் கையில்தான் இருக்கிறது. பேனாவை வைத்து யாருக்கு வேண்டுமானாலும் ஆயுளைக் கூட்டலாம். கூட்டிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. குறைத்து எழுதியது அதைவிடப் பொய்யாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை டிரைவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவரைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அனுமதி கேட்கத்தான் போனேன். காப்பி கொடுத்தார். பாதி காலி செய்த அலமாரிகளில் சாமான்கள் திரும்ப ஏறியிருந்தன. மனைவியின் தையல் மிஷின் ஜன்னலோரம் பழைய இடத்திலேயே இருந்தது. அதன் கால்மிதிக்குப் பக்கத்தில், வெயில் விழும் இடத்தில் பெரியவர் படுத்திருந்தார்.

"நான் சாகற மாதிரி எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டார், சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில்.

"இன்னும் முடிக்கலை."

"இது சாகற மாதிரி?"

"அதுவும் முடிக்கலை."

"அப்ப சரி. எழுதிக்குங்க." கழுத்துப் பட்டையை ஆணியிலிருந்து எடுத்தார். "நாங்க ஒரு நடை போயிட்டு வர்றோம். நீங்க காப்பியைக் குடிங்க, ஆறிடப்போகுது."

வாசலில் நின்று பார்த்தேன். பெரியவர் ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் நின்று முகர்ந்தார். டிரைவர் ஒவ்வொரு முறையும் நின்றார். இழுக்கவில்லை, உச்சுக் கொட்டவில்லை. கடைசி ஆளும் ஏறட்டும் என்று காத்திருப்பவர்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு இடத்தில் டிரைவருக்கு மூச்சு வாங்கியது. அப்போது நாய் நின்றது. அப்படியே போய்த் தெருமுனையில் திரும்பினார்கள்.

இந்தக் கதையின் முடிவை உங்களிடம் தருகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு நாயோ ஒரு அப்பாவோ இருந்திருக்கலாம். முடிவு எப்படி இருக்கும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கலாம். வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போதே எடுத்துப் போட்டுவிட வேண்டாம். அவர்கள் இன்னும் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள்.